எழுத்து மட்டும்

பாயின்னாங் சந்தை, பதினேழாம் எண் கிட்டங்கி.
தகரக்கூரையில் மழை உளுந்து கொட்டுகிறது.
நைனார் முதலாளி ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கவிழ்த்தார்:
ஆறு கையடக்கக் கணினிகள்.
சிங்கப்பூரில் மூடிப்போன ஏதோ கடையுடையவை,
வீசை என்ன விலையென்று பேசித்தான் வாங்கியிருப்பார்.
"மூட்டை எண்ணுது, சரி. நெட் பார்க்குமா?
காலையிலே சென்னை விலை தெரியணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான்.

முதல் உலாவி இயந்திரத்தோடே பிறந்தது.
எந்த வாசலில் போய் நின்றாலும்
சான்றிதழ் செல்லாது என்றது.
தேதியைப் பார்த்தேன்: 2003, சனவரி ஒன்று.
திருத்தினேன். அப்போதும் செல்லாது என்றது.
ஊரெல்லாம் பூட்டை மாற்றிவிட்டார்கள்,
இது மட்டும் பழைய சாவிக்கொத்தைக்
குலுக்கிக்கொண்டு நிற்கிறது.

இரண்டாவது
தலைப்பைக் காட்டியது. பாதி மெனுவைக் காட்டியது.
பிறகு மணல்கடிகாரம்.
ஒரு லாரி வந்து, நூற்றிருபது மூட்டை இறங்கி,
கோ தெய்ன் ஜோ வெற்றிலை மென்று துப்பி,
லாரி போயும்விட்டது.
மணல்கடிகாரம்.

மூன்றாவது கெட்டிக்காரி.
தானாகப் பக்கத்தைத் திறக்காது; எங்கோ குளிர்நாட்டில்
ஒரு கணினி திறந்து, சுருக்கி, மடித்து அனுப்புமாம்.
அந்தக் கணினியை எப்போதோ அணைத்திருக்கிறார்கள்.
சொல்ல ஆளில்லை இதற்கு.
ஆளற்ற விலாசத்துக்குக் கடிதம் போட்டபடி இருக்கிறது.

ஆனால் யோசனை நல்ல யோசனை.
குளிர்நாடு எதற்கு?
தராசுக்குப் பின்னால் மூடி உடைந்த மடிக்கணினி ஒன்று
கொசுவத்திக்குப் பீடமாக இருந்தது.
வத்தியை நகர்த்தினேன்.
இனி அது போய்ப் பூட்டைத் திறக்கும்,
படத்தை, ஆடும் எழுத்தை, துள்ளும் பொத்தானை,
குக்கீயை ஏற்கிறீர்களா என்ற உபசாரத்தை எல்லாம்
புடைத்துத் தள்ளி
வெறும் பருப்பை இந்தப் பக்கம் தட்டும்.
புடைப்பதுதானே எங்கள் தொழில்.

நாலாவது உலாவிக்குப் படம் என்றால் என்னவென்றே தெரியாது.
நூற்றெண்பது கிலோபைட். பேரம் பேசாமல் வந்து உட்கார்ந்தது.

சோதிக்க என் பெயரை எழுதி அனுப்பினேன்.
அம்சவேணி: எட்டுச் சதுரம்.
பள்ளிப் பெயர், மா சான் யீ, பர்மிய எழுத்தில்: ஏழு.
எந்தப் பெயரிலும் அதற்கு நான்
சன்னல் வைத்த சுவர்.

எழுத்துரு ஏற்றினேன். தமிழ் வந்தது,
கொம்பு மட்டும் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது
வண்டிக்குப் பின்னால் மாட்டைப் பூட்டியதுபோல.
புள்ளிகள் தனித்தனியே அலைந்தன.
பரவாயில்லை. மாடு எங்கே நின்றாலும்
எண்கள் நேராக நின்றன.

நைனார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார்.
"படம் வராதா?"
"வராது."
"விளம்பரம்?"
"அதுவும் வராது."
"நடிகை கல்யாணம், ராசிபலன், தங்கம்?"
"உளுந்து மட்டும், முதலாளி."
கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார்.
பிறகு தன் புதுப் போனை எடுத்து நீட்டினார்:
"இதையும் இப்படிப் பண்ணித் தா."

மின்சாரம் நாலு மணிக்குப் போனால் போனதுதான்.
ராத்திரி ஆறு பாட்டரியும் இறங்கிவிடும்.
காலையில் ஒவ்வொன்றாய் எழுப்புகிறேன்,
ஒவ்வொன்றும் 2003 சனவரி ஒன்று என்று கண் விழிக்கிறது,
புத்தாண்டு முகத்தோடு.
குச்சிப் பேனாவால் தொட்டுத் தொட்டு
இன்று என்ன நாள் என்று சொல்லிக்கொடுக்கிறேன்,
ஐந்துக்கு.
ஆறாவதை விட்டுவிடுவேன்.
மூட்டை எண்ணுவதற்கு
எந்த ஆண்டாக இருந்தால் என்ன.